சி.டி.4 நன்றாக இருக்கும்போதே காசநோய் ஏன் வருகிறது? குரங்கின் நுரையீரல் சொன்ன பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "என் உறவினருக்கு ஹெச்.ஐ.வி. இருக்கிறது. சி.டி.4 எண்ணிக்கை 600க்கு மேல். அப்படியிருந்தும் அவருக்குக் காசநோய் வந்துவிட்டது. எதிர்ப்பு சக்தி குறைந்தால்தானே காசநோய் வரும் என்பார்கள்? குரங்குகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் இதற்கு விளக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஹெச்.ஐ.வி. குரங்குக்கு வராதே, அதில் எப்படி ஆராய முடியும்?"

முதலில் நேரடியான பதில். சி.டி.4 என்பது எதிர்ப்பு சக்தியை வழிநடத்தும், ஹெச்.ஐ.வி. அழிக்கும் ஒரு வகை வெள்ளணு. சி.டி.4 பரிசோதனை ரத்தத்தில் ஓடும் அந்தச் செல்களை எண்ணுகிறது. காசநோய்க் கிருமி ரத்தத்தில் குடியிருப்பதில்லை. நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள சிறு முடிச்சுகளுக்குள் அது அடைபட்டுக் கிடக்கிறது. அந்த முடிச்சைக் காவல் காக்கும் செல்கள் குறைந்தாலும், அவற்றின் வேலை கெட்டாலும், ரத்தப் பரிசோதனையில் அது தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் உறவினரின் ரத்த எண்ணிக்கையும் பொய் சொல்லவில்லை, அவருக்கு வந்த நோயும் விதிவிலக்கு இல்லை. இரண்டும் வெவ்வேறு இடங்களைப் பற்றிய செய்திகள்.

இதை உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் குரங்குகளில் நடந்த ஆராய்ச்சி. அதை விளக்கும் முன், மனிதர்களிடம் ஏற்கெனவே தெரிந்திருந்த இரண்டு தடயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடலுக்குள் காசநோய்க் கிருமி ஒருமுறையாவது நுழைந்திருக்கிறது என்பது மதிப்பீடு. ஹெச்.ஐ.வி. இல்லாதவர்களில் அது நோயாக மாறுவது, வாழ்நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். மருந்து எடுத்துக்கொள்ளாத ஹெச்.ஐ.வி. நோயாளிகளுக்கு ஏறக்குறைய அதே ஆபத்து ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறது. 2023இல் காசநோயால் இறந்த 12.5 லட்சம் பேரில் 1,61,000 பேர் ஹெச்.ஐ.வி. உள்ளவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எய்ட்ஸ் முற்றியவர்களுக்குக் காசநோய் வருவதில் புதிர் ஏதும் இல்லை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து 2005இல் வெளியான ஆய்வுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. ஹெச்.ஐ.வி. தொற்றிய முதல் ஆண்டுக்குள்ளேயே காசநோய் ஆபத்து இரண்டு மடங்காகிவிட்டது. அந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்களின் ரத்த சி.டி.4 எண்ணிக்கை அவ்வளவாகக் குறைந்தே இருக்காது.

இரண்டாவது தடயம் 2010இல் வந்தது. ஹெச்.ஐ.வி. எல்லா சி.டி.4 செல்களையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. காசநோய்க் கிருமியை அடையாளம் காணப் பயிற்சி பெற்ற சி.டி.4 செல்களை அது தேடிப் பிடித்தது போல் அதிகம் தொற்றுகிறது. அதே உடலில், சைட்டோமெகலோ வைரஸ் என்ற வேறொரு வைரஸுக்கு எதிராகப் பயிற்சி பெற்ற செல்கள் பெருமளவு தப்பித்துக்கொள்கின்றன. அதாவது மொத்த எண்ணிக்கை 600 என்று காட்டும். அதற்குள் நமக்குத் தேவையான பிரிவு காலியாகியிருக்கலாம். இதுவும் ரத்தத்தில் பார்த்த செய்திதான். உயிரோடிருக்கும் மனிதரின் நுரையீரலிலிருந்து ஒவ்வொரு முடிச்சாக வெட்டியெடுத்துப் பார்க்க முடியாது. கிருமி உடலுக்குள் என்றைக்கு நுழைந்தது என்ற தேதியும் அநேகமாக யாருக்கும் தெரியாது. அதனால்தான் விலங்கு தேவைப்படுகிறது.

எலி போதாதா என்று கேட்கலாம். எலி கற்றுக்கொடுத்தது ஏராளம். காசநோய்க்கு எதிராக இன்டர்ஃபெரான்-காமா என்ற நோயெதிர்ப்புச் சுரப்பு இல்லாமல் உடல் பிழைக்காது என்பதை 1993இலும், டி.என்.எஃப். என்ற மூலக்கூறும் அதே அளவு அவசியம் என்பதை 1995இலும் எலிகளை வைத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் நுண்ணுயிரியலாளர் ஜோஆன் ஃப்ளின். அப்படி எலியில் பெயர் வாங்கிய அவரே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் குரங்குக்கு மாறினார். ஆய்வுக்கூடத்தில் வழக்கமாகப் பயன்படும் எலிகளில், மனித நுரையீரலில் காண்பது போன்ற, நடுப்பகுதி செத்துப் பாலாடைக்கட்டி மாதிரியாகும் முடிச்சு உருவாவதில்லை. கிருமியை அடக்கிவைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆரோக்கியமாக வாழும் நிலையும் எலிக்குக் கிடையாது. காசநோயில் பெரும்பான்மை மனிதர்களின் நிலையே அந்த அடக்கிவைத்த நிலைதான். அது இல்லாத விலங்கில், ஹெச்.ஐ.வி. அதை எப்படிக் குலைக்கிறது என்று ஆராயவே வழியில்லை.

ஃப்ளின் குழு சைனோமோல்கஸ் மக்காக் என்ற நீளவால் குரங்குகளின் நுரையீரலுக்குள், ஒரு மெல்லிய குழாய் வழியாக, வெறும் 25 அளவிலான கிருமிகளை இட்டது. 2003இல் வெளியான அந்த முடிவுகளை இந்தத் துறையின் திருப்புமுனை என்றே சொல்வேன். ஏறத்தாழ பாதிக் குரங்குகளுக்கு நோய் வந்தது. மீதிப் பாதி கிருமியை அடக்கிவைத்துக்கொண்டு, மனிதர்களைப் போலவே, எந்த அறிகுறியும் இல்லாமல் வாழ்ந்தன. ஒரே கிருமி, ஒரே அளவு, ஒரே வழி; ஆனாலும் இரண்டு விதமான முடிவு. மனிதர்களிடம் காணும் அதே வேறுபாடு, நாள் குறித்துத் தொடங்கிய ஒரு பரிசோதனைக்குள் வந்துவிட்டது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஹெச்.ஐ.வி.-1 மக்காக் குரங்குகளின் செல்லுக்குள் நுழைந்தாலும் நிலைக்காது. அவற்றின் செல்லில் ட்ரிம்5-ஆல்ஃபா என்ற புரதம் இருக்கிறது. வைரஸின் உள்ளுறையைக் கண்டதும் அதைப் பிடித்துக் குலைத்துவிடும். இது 2004இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் ஹெச்.ஐ.வி.க்குக் குரங்குகளிலேயே உறவுக்காரர்கள் உண்டு. அவற்றை எஸ்.ஐ.வி. என்கிறோம். மனிதரிடம் பரவிய ஹெச்.ஐ.வி.-1 சிம்பன்சியின் எஸ்.ஐ.வி.யிலிருந்து வந்தது, ஹெச்.ஐ.வி.-2 மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மேங்கபே குரங்கிலிருந்து வந்தது. அந்த மேங்கபேயின் வைரஸ் தற்செயலாக ஆசிய மக்காக் குரங்குகளுக்குத் தாவி, அவற்றுக்கு எய்ட்ஸ் போன்ற நோயை உண்டாக்கியது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பிரைமேட் ஆய்வு மையத்தில் 1985இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அன்றிலிருந்து மக்காக்கும் எஸ்.ஐ.வி.யும் சேர்ந்த இணைதான் ஹெச்.ஐ.வி. ஆராய்ச்சியின் முதன்மை விலங்கு மாதிரி.

இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சொந்த ஊரான ஆப்பிரிக்காவில் அந்த மேங்கபே குரங்குகளின் ரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருக்கும். ஆனால் அவை பொதுவாக நோய்வாய்ப்படுவதில்லை. தொற்றிய தொடக்கத்தில் அவற்றின் நோயெதிர்ப்பு அமைப்பு கொதித்தெழுகிறது. சில வாரங்களில் தானே அடங்கிவிடுகிறது. மக்காக்கிலும் மனிதரிலும் அந்தக் கொதிப்பு அடங்குவதே இல்லை.

எஸ்.ஐ.வி. வந்தபிறகு கிடைத்த முதல் பெரிய அதிர்ச்சி 1998இல். தொற்றிய சில வாரங்களிலேயே குரங்குகளின் குடல் சுவரிலுள்ள சி.டி.4 செல்கள் பெருமளவு அழிந்திருந்தன. அதே சமயம் ரத்தத்தில் எண்ணிக்கை ஓரளவு நன்றாகவே இருந்தது. ரொனால்ட் வீசி முதலானோர் இதைக் காட்டியபோது, ரத்தத்தை நம்பி உடலைக் கணிக்க முடியாது என்பது முதல்முறையாக ஐயமில்லாமல் தெரிந்தது. பிறகு மனிதர்களின் குடலிலும் அதுவே நடப்பது உறுதியாயிற்று. காசநோய் ஆராய்ச்சியாளர்கள் இதே கேள்வியை நுரையீரல் முடிச்சுக்கு எடுத்துச் சென்றார்கள்.

அந்த முடிச்சுக்குக் கிரானுலோமா என்று பெயர். இந்தத் துறையில் எல்லாமே அதைச் சுற்றித்தான் நடக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். குறுக்கே வெட்டினால் நடுவில் வெண்மஞ்சள் நிறத்தில், கட்டித்தயிர் பதத்தில் செத்த திசு. அதைச் சுற்றிக் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அடுக்கடுக்காக. வெளிவளையமாக நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களும் (சி.டி.4, சி.டி.8 இரண்டும் இதன் வகைகள்) பி செல்களும். ஃப்ளின் குழு குரங்குகளுக்கு உயிரோடிருக்கும்போதே பெட்-சி.டி. ஸ்கேன் எடுத்தது. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைச் செலுத்தினால், அழற்சி உள்ள இடங்கள் அதை உறிஞ்சிப் பளிச்சென்று தெரியும். எந்தப் புள்ளி எந்த வாரம் தோன்றியது, எது வளர்ந்தது, எது அணைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஜாதகம் எழுதுவது போல் குறித்துக்கொள்ள முடிந்தது. ஆய்வு முடியும் நாளில் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முடிச்சையும் தனித்தனியாக எடுப்பார்கள். ஒரு பகுதி நுண்ணோக்கிக்குப் போகும். இன்னொரு பகுதியை நசுக்கிக் கிருமி வளர்க்கும் தட்டில் இடுவார்கள். காசநோய்க் கிருமி மெதுவாக வளரக்கூடியது. தட்டில் சொரசொரப்பான வெளிர்மஞ்சள் திட்டுகள் கண்ணுக்குத் தெரிய மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு சில தட்டுகளில் நூற்றுக்கணக்கில் திட்டுகள். அதே குரங்கின் அதே நுரையீரலிலிருந்து, ஓர் அங்குலம் தள்ளி எடுத்த முடிச்சின் தட்டோ வெறுமையாக இருக்கும்.

அந்த வெறுமைக்கு இரண்டு பொருள் இருக்கலாம்: கிருமி அங்கே அதிகம் பெருகவே இல்லை, அல்லது பெருகிய பிறகு கொல்லப்பட்டது. இதைப் பிரித்தறிய அவர்கள் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. செத்த காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ. கிரானுலோமாவுக்குள் சீக்கிரம் சிதைவதில்லை. ஆகவே டி.என்.ஏ.வை எண்ணினால் இதுவரை பிறந்த கிருமிகளின் மொத்தக் கணக்கு கிடைக்கும். தட்டில் வளர்வதை எண்ணினால் இன்று உயிரோடிருப்பவற்றின் கணக்கு கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உடல் கொன்ற அளவு. 2014இல் ஃபிலானா லிங் லின், ஃப்ளின் முதலானோர் இந்தக் கணக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கிரானுலோமாவும் அநேகமாக ஒரே ஒரு கிருமியிலிருந்து தொடங்குகிறது. நான்கு வாரத்தில் பத்தாயிரக்கணக்கில் பெருகிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் டி செல்களின் வேலை பிடிபட்டு, கிருமிகள் கொல்லப்படத் தொடங்குகின்றன. நோய் முற்றிய குரங்கின் நுரையீரலில்கூட, கிருமியை முழுவதும் ஒழித்துவிட்ட முடிச்சுகள் இருந்தன. சில முடிச்சுகள் தோற்றுப்போனதால்தான் அந்தக் குரங்குக்கு நோய்.

ஒருவருக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறதா இல்லையா என்று கேட்பதே இங்கே பொருந்தாது என்று எனக்குப் படுகிறது. ஒரே உடலில் பத்து இருபது முடிச்சுகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை. அவற்றில் ஒன்று உடைந்தால் போதும், மற்றவை எல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை. உங்கள் உறவினரை இந்தக் கோணத்தில் நினைத்துப் பாருங்கள்.

இதோடு எஸ்.ஐ.வி.யைச் சேர்த்தபோது என்ன ஆயிற்று? காசநோயை அடக்கிவைத்திருந்த சைனோமோல்கஸ் குரங்குகளுக்கு எஸ்.ஐ.வி.யைக் கொடுத்தார்கள்; 2010இல் முடிவு வந்தது. அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்கியது. சிலவற்றில் சீக்கிரமாக, சிலவற்றில் பல மாதம் கழித்து. எது அந்த வேகத்தைத் தீர்மானித்தது? ரத்தத்திலிருந்த வைரஸின் அளவு அல்ல. எஸ்.ஐ.வி. தொற்றிய முதல் சில வாரங்களில் டி செல்கள் எவ்வளவு சரிந்தன என்பதே நோய் திரும்பும் காலத்தோடு ஒத்துப்போனது. பின்னால் எண்ணிக்கை ஓரளவு மீண்டாலும் தொடக்கத்தில் விழுந்த அடி தன் வேலையைக் காட்டியது. சுரங்கத் தொழிலாளர்களின் முதலாண்டு ஆபத்து நினைவுக்கு வருகிறதா?

அடுத்து வைரஸே இல்லாமல் சி.டி.4 செல்களை மட்டும் நீக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். அவற்றைக் குறிவைக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்து நீக்கினார்கள். 2012இல் வந்த பதில்: அடக்கிவைத்திருந்த குரங்குகளில் எல்லாவற்றுக்கும் நோய் திரும்பவில்லை. திசுக்களில், குறிப்பாக நிணநீர்க் கணுக்களில், செல்கள் எவ்வளவு ஆழமாகக் குறைந்தன என்பதைப் பொறுத்தே திரும்பியது. சி.டி.4 செல் முக்கியம்தான். ஆனால் அதன் இழப்பு மட்டுமே முழு விளக்கம் ஆகாது.

மீதி விளக்கத்தின் ஒரு பகுதி தீபக் கவுஷல் குழுவிடமிருந்து வந்தது. முதலில் டுலேன் பிரைமேட் மையத்தில், பின்னர் டெக்சஸில். அவர்கள் பயன்படுத்தியவை மக்காக்கின் இன்னொரு வகையான ரீசஸ் குரங்குகள். நுரையீரலில் சி.டி.4 செல்களைப் பெருமளவு இழந்த பிறகும் சில குரங்குகள் காசநோயை அடக்கியே வைத்திருந்தன, அவற்றில் சி.டி.8 டி செல்களும் பி செல்களும் பாரத்தைத் தாங்கின. நோய் திரும்பிய குரங்குகளில் வேறொன்று தெரிந்தது: நுரையீரலில் அடங்காத, நீடித்த நோயெதிர்ப்புக் கொதிப்பு. மேங்கபேயை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். சி.டி.8 செல்களின் பங்கை ஃப்ளின் குழுவும் பிறகு தனியே சோதித்தது. தொற்றின் ஆரம்ப வாரங்களில் சி.டி.8 செல்களை நீக்கினால் குரங்குகளால் கிருமியைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

கவுஷல் குழுவின் 2020 ஆய்வு கொஞ்சம் கசப்பானது. எஸ்.ஐ.வி. தொற்றிய குரங்குகளுக்கு, ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கொடுக்கும் வைரஸ் அடக்கும் கூட்டு மருந்தான ஏ.ஆர்.டி.யைக் கொடுத்தார்கள். வைரஸ் அடங்கியது. ரத்தத்தில் சி.டி.4 மீண்டது. நுரையீரல் காற்றறைகளைக் கழுவி எடுத்த நீரிலும் மீண்டது. ஆனால் நுரையீரலின் உட்திசுவில் அவை சரியாகத் திரும்பவில்லை, கொதிப்பும் அடங்கவில்லை, காசநோய் மீண்டும் எழுவது குறிப்பிடத்தக்க அளவு குறையவும் இல்லை. இதைப் படித்துவிட்டு ஏ.ஆர்.டி. பயனற்றது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மனிதர்களில் ஏ.ஆர்.டி. காசநோய் ஆபத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துத் தெரிந்த உண்மை. குரங்கு ஆய்வு விளக்குவது அந்த மீதி மூன்றில் ஒரு பங்கைத்தான். மருந்து ஒழுங்காக எடுத்து, எண்ணிக்கை ஏறி, எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும்போதும் ஹெச்.ஐ.வி. இல்லாதவரைவிட ஆபத்து ஏன் கூடுதலாகவே நீடிக்கிறது என்பதற்கு இது நம்பத்தகுந்த காரணம்.

அப்படியானால் எதிர்ப்பை இன்னும் தூண்டிவிட்டால் சரியாகிவிடுமா? புற்றுநோய் சிகிச்சையில் டி செல்களின் பிரேக்கைத் தளர்த்தும் பி.டி.-1 தடுப்பு மருந்துகள் இருக்கின்றன. அதைக் காசநோயுள்ள ரீசஸ் குரங்குகளுக்குக் கொடுத்தபோது நோய் மோசமானது. 2021இல் வெளியான முடிவு இது. கிரானுலோமாவுக்குள் இருக்கும் டி செல்களில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவையே காசநோய்க் கிருமியைக் கண்டு சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன என்பதையும், அழற்சியைத் தூண்டும் சுரப்பும் அடக்கும் சுரப்பும் சேர்ந்திருந்த முடிச்சுகளே கிருமியை ஒழித்தன என்பதையும் ஃப்ளின் குழு முன்பே காட்டியிருந்தது. தூண்டுவது, அடக்குவது இரண்டில் எது கைமீறினாலும் முடிச்சு உடைகிறது. ஹெச்.ஐ.வி. இரண்டு பக்கமும் கெடுக்கிறது: தேவையான செல்களைக் கொல்கிறது, மிச்சமிருப்பவற்றை ஓயாமல் கொதிக்க வைக்கிறது.

தடுப்பூசி பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த ஆராய்ச்சியின் மிக நம்பிக்கையூட்டும் பகுதி அதுதான். பி.சி.ஜி. தடுப்பூசி மனிதருக்கு முதலில் கொடுக்கப்பட்டது 1921இல். குழந்தைகளின் கடுமையான காசநோயை அது தடுக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை நம்பும்படி தடுப்பதில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ராபர்ட் செடரும் ஃப்ளினும் சேர்ந்து ஓர் எளிய கேள்வி கேட்டார்கள்: மருந்தை மாற்றாமல், போடும் வழியை மாற்றினால்? ரீசஸ் குரங்குகளுக்குத் தோலில் போடுவதற்குப் பதிலாக, வழக்கமான அளவைவிடப் பல மடங்கு கூட்டி, ரத்தக்குழாய் வழியாக ரத்தத்தில் ஏற்றினார்கள். ஆறு மாதம் கழித்துக் காசநோய்க் கிருமியைக் கொடுத்தார்கள். 2020இல் வெளியான முடிவு: 10 குரங்குகளில் 9 பாதுகாக்கப்பட்டன; அவற்றில் 6 குரங்குகளின் உடலில் எங்கு தேடியும் ஒரு கிருமிகூட வளரவில்லை. நுரையீரலுக்குள்ளேயே டி செல்கள் பெருந்தொகையாகக் குடியேறிக் காத்திருந்ததுதான் மற்ற வழிகளிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தது. காசநோய்த் தடுப்பூசி ஆராய்ச்சியில் இப்படியொரு எண்ணை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எஸ்.ஐ.வி. இருந்தால்? 2023இல் பிட்ஸ்பர்க்கின் சார்ல்ஸ் ஸ்கங்கா முதலானோர் அதையும் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை மொரீஷியஸ் தீவின் சைனோமோல்கஸ் குரங்குகள். சில குரங்குகளின் வாரிசுகளே அந்தத் தீவு முழுதும் பெருகியதால், நோயெதிர்ப்பைத் தீர்மானிக்கும் எம்.ஹெச்.சி. மரபணுக்களில் அவற்றுக்குள் வேறுபாடு குறைவு, ஒப்பிட வசதி. ஏற்கெனவே எஸ்.ஐ.வி. இருந்தால் காசநோய் கட்டுக்கடங்காமல் போகும் என்பதை இதே குரங்குகளில் 2018இலேயே அறிந்திருந்தார்கள். இப்போது எஸ்.ஐ.வி. தொற்றியவற்றுக்கு ரத்தம் வழியாக பி.சி.ஜி. கொடுத்து, உயிருள்ள பி.சி.ஜி. உடலில் பரவிக் கெடுதல் செய்யாமலிருக்கக் காசநோய் மருந்துகளால் அதை ஒழித்துவிட்டு, பிறகு காசநோய்க் கிருமியைக் கொடுத்தார்கள். எஸ்.ஐ.வி. இல்லாத குரங்குகள் அனைத்தும் தப்பின. எஸ்.ஐ.வி. உள்ள 12இல் 9 தப்பின. சி.டி.4 செல்லைத் தின்னும் வைரஸ் உடலில் இருக்கும்போதே ஒரு தடுப்பூசி இவ்வளவு வேலை செய்ய முடியும் என்பதை இதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இதை இப்படியே மனிதருக்குப் போட முடியாது. ஹெச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்குத் தோலில் போடும் பி.சி.ஜி.யே சில நேரம் உடல் முழுதும் பரவி உயிருக்கு ஆபத்தாகியிருக்கிறது. உயிருள்ள கிருமியை ரத்தத்தில் ஏற்றுவது அதைவிடப் பெரிய ஆபத்து. அதனால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் விசை பொருத்திய பி.சி.ஜி. ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு மருந்தை வைத்து, வேண்டும்போது அதை அழித்துவிடலாம். குரங்குகளில் அது காசநோயிலிருந்து நன்றாகப் பாதுகாத்தது என்ற முடிவு 2025 தொடக்கத்தில் வெளியாயிற்று. ரத்தக்குழாய் வழி பி.சி.ஜி.யை நேரடித் தடுப்பூசியாகப் பார்ப்பதைவிட, வெற்றி பெற்ற எதிர்ப்பு எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரியாகப் பார்ப்பதே சரி. தப்பிய குரங்குகளின் நுரையீரலில் இருந்ததை வேறு பாதுகாப்பான வழியில் உண்டாக்க முடியுமா என்பதே இப்போதைய தேடல்.

குரங்கை வைத்து ஆராயும் இந்த மாதிரிக்குக் குறைகள் உண்டு. எஸ்.ஐ.வி. என்பது ஹெச்.ஐ.வி. அல்ல, மக்காக்கில் அது வேகமாகவும் கடுமையாகவும் போகும். ஓர் ஆய்வில் எட்டுப் பத்துக் குரங்குகளே இருக்கும் என்பதால் சிறிய வேறுபாடுகள் கண்ணில் படாமல் போகலாம். ரீசஸில் காணும் நோய் சைனோமோல்கஸைவிடக் கடுமை. ரீசஸிலும் இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவற்றில் எஸ்.ஐ.வி. சீன வம்சாவளியைவிட வேகமாக முற்றும். இந்தியா 1978இல் ஏற்றுமதியை நிறுத்திவிட்டதால் இன்று ஆய்வுக்கு வருபவை அமெரிக்காவிலேயே வளர்க்கப்பட்ட வழித்தோன்றல்கள். எல்லாவற்றுக்கும் மேலாக இவை வலியும் அச்சமும் உணரும் விலங்குகள்; ஆய்வின் முடிவில் அவை உயிரோடிருப்பதில்லை. இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு அது மறப்பதில்லை. ஒரு முடிச்சைக்கூட வீணாக்காமல் ஒவ்வொன்றிலிருந்தும் இத்தனை தகவல் எடுக்கும் அந்தக் கவனத்தை நான் மதிப்பதற்கு இதுவும் காரணம். வேறு வழி கிடைக்கும் இடங்களில் குரங்கைத் தவிர்க்க வேண்டும். உயிருள்ள கிரானுலோமாவுக்கு இன்று வரை மாற்று இல்லை.

இனி உங்கள் உறவினருக்குப் பயன்படும் செய்தி. கவுஷல் குழு இன்னொரு சோதனையும் செய்தது. கிருமியை அடக்கிவைத்திருந்த குரங்குகளுக்கு ஐசோனியாசிட், ரிஃபாபென்டின் என்ற இரு மருந்துகளை வாரம் ஒருமுறை வீதம் மூன்று மாதம் கொடுத்தார்கள். பிறகு எஸ்.ஐ.வி.யைக் கொடுத்தார்கள். கிருமி எங்காவது ஒளிந்திருந்தால் எஸ்.ஐ.வி. அதை எழுப்பிவிடும் அல்லவா? பெரும்பாலும் எழவில்லை, மருந்து உண்மையிலேயே நுரையீரலைச் சுத்தம் செய்திருந்தது. மனிதருக்குக் காசநோய்த் தடுப்பு மருந்தாகக் கொடுக்கப்படும் அதே மூன்று மாத முறைதான் இது.

எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது தடுப்பு மருந்து எதற்கு என்ற கேள்விக்கு ஐவரி கோஸ்ட்டில் நடந்த டெம்ப்ரானோ ஆய்வு பதில் சொல்கிறது. சி.டி.4 எண்ணிக்கை 800க்குக் கீழுள்ள 2,056 பேர் அதில் சேர்ந்தார்கள். 2015இல் வெளியான முடிவுப்படி, ஏ.ஆர்.டி.யை உடனே தொடங்கியதால் கடுமையான நோய்கள் 44 சதவீதம் குறைந்தன. ஆறு மாத ஐசோனியாசிட் தனியாக 35 சதவீதம் குறைத்தது. எண்ணிக்கை 500க்கு மேல் இருந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது.

உங்கள் உறவினருக்கு இப்போது வந்திருப்பது நோய் என்பதால் அவருக்குத் தேவை முழுச் சிகிச்சை. தடுப்பு மருந்தின் காலம் தாண்டிவிட்டது. காசநோய் மருந்தோடு ஏ.ஆர்.டி.யையும் நிறுத்தாமல் தொடர வேண்டும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சில ஏ.ஆர்.டி. மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். டோலுடெக்ராவிர் என்ற ஏ.ஆர்.டி. மருந்தை எடுப்பவரானால் வழக்கமாக அதை ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக மாற்றுவார்கள். அவருடைய இரண்டு சிகிச்சைகளையும் ஒரே மருத்துவர் பார்க்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அவரோடு இருப்பவர்களை, முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை, பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் அவர்களுக்குத் தடுப்பு மருந்து உண்டு.